நாலு தளமும் ஆடிப் பட்டமும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை ஏழெட்டு ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். இதற்கு நடுவில் நான்கு இணையதளங்கள் நடத்துகிறேன். முதலில் அம்மாவின் கொங்குச் சமையலுக்காக ஒன்று தொடங்கினேன். பிறகு மாடித்தோட்டம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்தபோது எடுத்த குறிப்புகளைப் போட மூன்றாவது. நான் தேறவில்லை, ஆனால் கூட்டம் வருவது அங்கேதான். ஆட்சென்ஸ் (கூகுள் விளம்பர) பணம் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிறதென்றால் அதுவும் அந்தத் தளத்தால்தான். வாரம் ஆறு மணி நேரம் அதற்கே போகிறது. நான்காவது, படித்த நாவல்களைப் பற்றி எழுத. மாதம் ஐம்பது பேர் வந்தால் அதிகம்.

ராத்திரி சமையல் பதிவைத் திறப்பேன். பாதியில், தேர்வுத் தளத்தில் ஒருவர் விடை தவறு என்று எழுதியிருப்பது கண்ணில் படும். திருத்தப் போனால் அங்கே ஏதோ பிளகின் (தளத்தோடு சேர்க்கிற துணைநிரல்) அப்டேட் கேட்கும். பதினொன்றரை ஆகிவிடும், ஒரு பத்திகூட எழுதியிருக்க மாட்டேன். 25 நிமிட டைமர் வைத்துப் பார்த்தேன். கிழமைக்கு ஒரு தளம் என்று அட்டவணையும் போட்டேன். எதுவும் மூன்று வாரம் தாண்டவில்லை. "பாரதியார் ஒரே சமயத்துல அஞ்சு பத்திரிகை நடத்தினார், உனக்கு நாலு பெரிசா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நீங்களும் ஒரு காலத்தில் பல தளங்கள் நடத்தியதாக எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

சமாளிக்கவில்லை. நானும் நான்கு வைத்திருந்தேன். இப்போது இருப்பது நீங்கள் வாசிக்கும் இது ஒன்று, ஆண்டுக்கு மூன்று பதிவு ஏறும் இன்னொன்று. ஆக ஒன்றரை. மீதி இரண்டில் ஒன்றை நானே மூடினேன். மற்றது என் கவனக்குறைவால் போனது.

போனது, பழைய கோயில்களுக்குப் போய்வந்த குறிப்புகள் கொண்ட தளம். ஆறு வருட உழைப்பு. டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம், நான் திறப்பதையே விட்டுவிட்ட ஒரு பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. ஒரு வாசகர் போன் செய்து, "சார், உங்க கோயில் தளத்தைத் திறந்தா ரம்மி ஆடக் கூப்பிடுது" என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். காலாவதியான முகவரிகளை வாங்கி அங்கே சூதாட்டக் கடை விரிப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. இத்தனைக்கும் .காம் முகவரி கெடு முடிந்த அன்றைக்கே கைவிட்டுப் போவதில்லை. பொதுவாகச் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதற்கப்புறம் 30 நாள், கூடுதல் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். பிறகு 5 நாள் யாரும் தொடமுடியாது. அதன்பின்தான் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இவ்வளவு அவகாசமும், நான் இன்னொரு தளத்தின் முகப்புக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கழிந்திருக்கிறது.

ஆகவே இது அடிபட்டவன் சொல்லும் பதில்.

முதலில் வீட்டுக்காரருக்கு. எண்ணிக்கை சரிதான். புதுச்சேரியில் 1909-10 வாக்கில் 'இந்தியா' வார இதழ், 'விஜயா' நாளிதழ், 'சூரியோதயம்', 'கர்மயோகி', ஆங்கிலத்தில் 'பால பாரதா' என்று ஐந்தோடு பாரதியின் பெயர் சேர்ந்திருந்தது. ஆனால் 'இந்தியா'வுக்குப் பின்னால் அதை நடத்திய மண்டயம் குடும்பத்தார் இருந்தார்கள். பணத்தையும் அச்சகத்தையும் பாரதி ஒருவரே தலையில் சுமக்கவில்லை. உங்கள் வீட்டிலோ பாரதியும் நீங்கள்தான், மண்டயத்தாரும் நீங்கள்தான், அச்சுக்கோப்பவரும் தபால்காரரும் நீங்கள்தான். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். பிரிட்டிஷ் அரசு அந்த இதழ்களை எல்லை தாண்ட விடாமல் தடுத்ததில் 1910-இல் அவை நின்றுபோயின. 'விஜயா' இதழ்கள் பெரும்பாலும் கிடைக்காமலே போய்விட்டன. பிரதி எடுத்துவைப்பது பற்றிக் கீழே சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். கவனம் சிதறுவது நான்கு பொருள்களைப் பற்றி எழுதுவதால் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவரை எழுப்பியது இன்னொரு கட்டுரை அல்ல. ஒரு திருத்தம், அதன்பின் ஒரு பிளகின். எழுதுகிற வேலையும் காவல்காரன் வேலையும் ஒரே நாற்காலியில், ஒரே ராத்திரியில் உட்கார்ந்திருக்கின்றன.

டைமர் நல்ல சாமான்தான். 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரைத் திருகிவைத்துக்கொண்டு படித்ததில் பிறந்த முறை அது. ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவருக்கு எதைப் படிப்பது என்பது முன்பே முடிவாகியிருக்கும். உங்களுக்கு 25 நிமிடத்தில் முதல் பத்து, எந்தத் தளம் என்பதிலேயே போய்விடும்.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புது வேலை அந்த அளவுக்குக் கெடுகிறது என்று சோதனைகள் வைத்துக் காட்டினார். கழுவாத சட்டியில் அடுத்த குழம்பை வைப்பதுபோல. பின்னாளில் இன்னொருவருடன் சேர்ந்து அவர் ஒரு கைவைத்தியமும் கண்டார். எழுந்து போகுமுன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும் என்று சுருக்கமாக எழுதிவைத்துவிட்டால் மனம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. நான் இதைச் செய்கிறேன். பாதியில் நிற்கும் பதிவின் தலையிலேயே "வறுக்கும் பதம் எழுதணும், படம் எடுத்தாச்சு" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். ஒரே ஒருமுறை அந்த வரியோடேயே பதிவை வெளியிட்டும் இருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றை ஊகிக்கிறேன். வருகை எண்ணிக்கை காட்டும் செயலி போனில் இருக்கும். டீ இடைவேளையில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை. நான் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்த காலம் உண்டு. அதை எடுத்துவிடுங்கள். மாத முடிவில் கணினியில் ஒருமுறை பார்த்தால் போதும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மாதக் கணக்கு முடிப்பது புதிதா என்ன?

இனி அட்டவணைக்கு வருகிறேன். கிழமைக்கு ஒரு தளம் என்பது பார்க்க ஒழுங்காக இருக்கும், நிற்காது. திங்கள் சமையல் என்று வைத்தால், அன்றைக்கு விருந்தாளி வந்துவிட்டால் அடுத்த திங்கள்வரை சமையல் இல்லை. ஒரு பொருளுக்குள் மனம் இறங்கவே இரண்டு மூன்று ராத்திரி ஆகும். இறங்குகிற நேரத்தில் அட்டவணை உங்களைக் கைப்பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது. உங்கள் பக்கத்தில் யாராவது கிழமைக்கு ஒரு வயல் உழுகிறார்களா? ஆடிப் பட்டம் தேடி விதை என்றுதானே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் தளங்களில் மூன்றுக்கு இயல்பாகவே பட்டம், அதாவது விதைக்கும் பருவம், இருக்கிறது. ஆடியில் விதைக்கிறவர் ஆனியிலேயே மண்கலவையும் விதையும் தேடத் தொடங்கிவிடுவார். தீபாவளிப் பலகாரம் புரட்டாசியிலேயே தேடப்படும். கொள்ளு ரசத்துக்கு அடைமழையும் மார்கழிப் பனியும். குரூப் 4-க்கோ அறிவிப்பு வந்த நாளிலிருந்து தேர்வு நாள்வரை. கடைசியாக நடந்தவற்றைப் பாருங்கள்: 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12. மூன்றும் ஜூன், ஜூலையில். உங்கள் தோட்டத் தளத்தைத் தேடி ஆள் வருவதும் அதே நேரத்தில். நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியது ஜூன் கடைசி வாரத்தில். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

ஆகவே ஆடிப் பட்டத்துக்கான பதிவுகளைத் தையிலும் மாசியிலும் எழுதி, வெளிவரும் தேதியைக் குறித்துவைத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. ஐந்தாறு வாரம் ஒரே தளம், மற்றவை தரிசு. தரிசு கிடக்கும் நிலத்தைப் பார்த்து எந்த விவசாயியும் குற்றவுணர்ச்சி கொள்வதில்லை. தேர்வு மட்டும் உங்கள் கையில் இல்லை, ஆனால் ஆணையம் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்து மற்ற பட்டங்களை நகர்த்திக்கொள்ளலாம்.

காவல் வேலைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரு மணி நேரம். அன்றைக்குத்தான் பிளகின் அப்டேட் எல்லாம் (பாதுகாப்புக்கான அவசர அப்டேட்டை மட்டும் தானாக ஏறும்படி வைத்துவிடுங்கள்). அன்றைக்கே தளத்தின் முழுப் பிரதியையும் இறக்கி, சர்வரில் இல்லாமல் வீட்டில் ஒரு டிஸ்க்கில் வையுங்கள். தளத்தின் பாதுகாப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் வைத்திருந்தால் அது 90 நாள் கெடு கொண்டது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று பெயர், ஆனால் எப்போதாவது தவறும். முடியப்போகிறது என்று முன்பு அவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். எனவே நீங்களே பார்க்கவேண்டும். டொமைன் தேதிகளைப் போனில் மட்டும் போடாமல் அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரிலும் எழுதிவிடுங்கள். எனக்கு இப்போது காலண்டரில்தான் நம்பிக்கை.

தேர்வுத் தளம்தான் சிக்கலானது. ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிறதென்றால் மாதம் 20, 25 டாலர். வாரம் ஆறு மணி நேரம், மாதம் 25 மணி. மணிக்கு ஒரு டாலர் தேறுவது சந்தேகம். உங்களுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், போட்டுப் பார்க்கப் பயந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழ்த் தளங்களை ஏற்கத் தொடங்கியபோது, இனி எழுதியே பிழைக்கலாம் என்று நம்பித்தான் என் நான்காவது தளத்தைத் தொடங்கினேன். நானே மூடியதாகச் சொன்னேனே, அது இதுதான்.

ஆனால் உங்களுடையதை மூடச் சொல்லமாட்டேன், அதை நம்பிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நீங்கள் பாதித் தூக்கத்தில் போட்ட ஒரு தவறான விடை யாரோ ஒருவரின் ஒன்றரை மதிப்பெண். நீங்கள் தேர்வு எழுதுவதை நிறுத்தியிருந்தால், அன்றிலிருந்தே அந்தத் தளம் பழையதாகத் தொடங்கியிருக்கும். அதற்குத் தேவை, இப்போது படித்துக்கொண்டிருக்கிற ஒருவர். அவரைத் தேடி எங்கும் போகவேண்டாம். விடை தவறு என்று ராத்திரியில் உங்களை எழுப்பினாரே, அவரைக் கேளுங்கள். வருமானத்தில் பாதி, பெயரும் சேர்த்து. அவர் மறுத்தால் அடுத்ததாகத் திருத்தம் சொன்னவரைக் கேளுங்கள்.

மீதி மூன்றையும் ஒரே முகவரிக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம் என்பது என் யோசனை. கலந்துகட்டி எழுதினால் கூகுளில் மேலே வராது என்று பண்டிதர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இறங்கலாம்தான், இறங்கட்டும். மாடியில் அவரைக்காய் பறிப்பவரும், அடுப்பில் பொரியல் வைப்பவரும், படுத்துக்கொண்டு நாவல் வாசிப்பவரும் ஒரே ஆள்தானே. ஒரு டொமைன், ஒரு அப்டேட், ஒரு பிரதி. பழைய முகவரிகளுக்கு வருகிறவர்கள் புது இடத்துக்குப் போகும்படி நிரந்தரத் திருப்பம் வைத்துவிடுங்கள். 301 என்று கேட்டால் ஹோஸ்டிங்காரர்கள் செய்துகொடுப்பார்கள். அதைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய டொமைன்களை அதற்கு மேலும் சில ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருங்கள் என்கிறேன் நான். காரணம் தெரியும், ரம்மி.

நாவல் பகுதிக்குப் பட்டம் எதுவும் இல்லை. அதற்கு எண்ணிக்கை காட்டும் கருவியையே போடாதீர்கள். போன வாரம் அங்கே மூன்று பதிவுகள் வாசித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். கதைச் சுருக்கம் மட்டும் நீளம்.

அன்புடன்

பி.கு.: கொள்ளு ரசப் பதிவில் பூண்டை அம்மா தோலோடு தட்டிப் போடுகிறாரா, உரித்துப் போடுகிறாரா என்று இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. கேட்டுச் சொல்லுங்கள்.