கவுன் போட்டு போட்டோ எடுத்தாச்சு, இன்டர்வியூல என்ன சொல்றது?

இங்க தென்னாப்பிரிக்காவுல ஏப்ரல், மே மாசத்துல பட்டமளிப்பு முடிஞ்சதும் வழக்கமா வர்ற வாசகர் கடிதங்கள்தான், ஆனா இந்த தடவை ரொம்ப ஜாஸ்தி. பாதி இன்ஜினியரிங் முடிச்ச பசங்க எழுதினது, மீதி அவங்க அம்மாங்க எழுதினது. பல வருஷமா ஆள் எடுக்குற டேபிளோட அந்தப் பக்கம் உக்காந்தவன்ங்கிறதால என்கிட்ட தள்ளிவிட்டுட்டாங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை சேத்துட்டேன், பேர் எதையும் போடல. இன்டர்வியூ இங்கிலீஷ்லதான் நடக்கும், நான் இங்க கருத்தை மட்டும் தமிழ்ல சொல்றேன், வார்த்தையை நீங்களே போட்டுக்கோங்க.

சாட்ஸ்வொர்த்லேர்ந்து ஒரு தம்பி: அங்கிள், நான் மெக்கானிக்கல். எங்க போனாலும் மொதல் கேள்வி "உங்களைப் பத்திச் சொல்லுங்க". பேர், ஊரு, ஸ்கூல், கிரிக்கெட் புடிக்கும்னு சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகல, அப்புறம் எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க.

பேரும் ஊரும் ஸ்கூலும் சிவியில இருக்கு தம்பி, அது அவங்க கையிலதான் இருக்கு. அவங்களுக்கு வேண்டியது நீ உன் கையால என்ன செஞ்சே, அது இந்த வேலைக்கு எப்படி ஆகும், அவ்வளவுதான். வேக் வொர்க், அதாவது காலேஜ் லீவுல கம்பெனில பாக்குற பயிற்சி வேலை, எங்க பண்ணேன்னு நீ எழுதல, ஆனா பண்ணாம டிகிரி குடுத்திருக்க மாட்டாங்க, அதுலேர்ந்து ஆரம்பி. போன வருஷம் ஒரு பையன் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இசிபிங்கோ பக்கம் ஒரு ஃபேக்டரில இருந்திருக்கான், கன்வேயர் கியர்பாக்ஸ்ல ஆயில் ஒழுகிட்டே இருந்திருக்கு, சீலை மாத்துறாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப ஒழுகுது, திரும்ப மாத்துறாங்க. இவன் பழைய ஜாப் கார்டு எல்லாத்தையும் எடுத்துப் பாத்திருக்கான், ஒரே கியர்பாக்ஸ்ல ஒரே சீல் திரும்பத் திரும்பப் போகுதேன்னு மேல ஏறிப் பாத்தா பிரீதர், அதாவது உள்ள இருக்குற காத்து வெளிய போற மூடி, முழுக்க தூசி அடைச்சுக் கெடக்கு, உள்ள சூடாகி பிரஷர் ஏறினா வெளிய போக வழி இல்ல, அதான் சீல் வழியா தள்ளுது. பிரீதரை கழட்டி கிளீன் பண்ண ஆர்டிசனுக்கு கால் மணி நேரம். இதை அவன் "என்னைப் பத்தி"ங்கிற கேள்விக்கே சொல்லிட்டான், கடைசில "மெயின்டனன்ஸ் வேலைக்கு வர ஆசைப்படுறதுக்கு காரணம் இதுதான்"னு நிறுத்திட்டான். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அதுக்கப்புறம் நாங்க கேட்ட கேள்வி பாதி அந்த கியர்பாக்ஸைப் பத்திதான், அதாவது அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச எடத்துலயே எங்களை உக்கார வெச்சுட்டான்.

இன்னொண்ணு. முனிசிபாலிட்டி, அரசாங்க கம்பெனி மாதிரி எடத்துல பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒவ்வொருத்தரும் தனித்தனியா மார்க் போடுவாங்க, நீ பாதியில நின்னா எடுத்துக் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. மூஞ்சி உர்ருன்னு இருக்கேன்னு பயப்படாதே, எழுதிட்டு இருப்பாங்க. அங்க முழுசா சொல்லி முடி, "சிவியில இருக்கு"ன்னு விட்டுடாதே, சொல்லாததுக்கு மார்க் கெடையாது. பிரைவேட்ல பேச்சு மாதிரி போகும், அங்க சுருக்கமா சொல்லிட்டு அவங்க புடிச்சு இழுக்கட்டும்னு விடலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: ஃபைனல் இயர் புராஜெக்ட் நாலு பேர் சேந்து பண்ணோம், பகாஸ், அதாவது கரும்புச் சக்கை, காய வெக்கிற ஒரு ரிக். என் பங்கு டெம்பரேச்சர் அளக்குறது மட்டும்தான். முழு புராஜெக்டும் நான் பண்ண மாதிரி சொல்லலாமா அங்கிள்? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

சொல்லாதேம்மா. மூணாவது கேள்வியிலயே தெரிஞ்சுபோகும். "நாங்க பண்ணோம், நாங்க டிசைன் பண்ணோம்"னு ஓட்டினாலும் "அதுல நீங்க என்ன பண்ணீங்க"ன்னு கட்டாயம் கேப்பாங்க, அந்த கேள்விக்காகத்தான் புராஜெக்டையே எடுக்குறது. சூடு அளக்குற உன்னோட தெர்மோகப்புள் சின்ன விஷயம்னு யார் சொன்னது? மில்லுலேர்ந்து வர்ற சக்கைல பாதிக்குப் பாதி தண்ணி, அதை பாய்லர்ல போட்டா சூட்டுல ஒரு பங்கு அந்த தண்ணிய ஆவியாக்கவே போயிடுது, அதுக்குத்தான் காய வெக்கிறது, இதை ரெண்டு வரில சொல்லு, நேட்டால் கரும்புக்காட்டு பக்கம் எந்த இன்ஜினியருக்கும் உடனே புரியும். அப்புறம் நேரா உன் வேலைக்கு வா. தெர்மோகப்புள் வகைல கே டைப் ஏன் எடுத்தே, எங்க எங்க வெச்சே, எத்தனை செகண்டுக்கு ஒரு ரீடிங், எவ்வளவு தப்பு வரும். சாதாரண கே டைப்ல ரெண்டு டிகிரிக்கு கொஞ்சம் மேல முன்னபின்ன இருக்கும், அப்ப நீ ரிப்போர்ட்ல ரெண்டு டெசிமல் போட்டிருந்தா அதை ஏன் போட்டேன்னு கேப்பாங்க, யோசிச்சு வெச்சுக்கோ.

கேலிபிரேட் பண்ணியா, அதாவது சரியா காட்டுதான்னு சோதிச்சியான்னு கேட்டா, ஐஸ் தண்ணில ஒரு தடவை, கொதிக்கிற தண்ணில ஒரு தடவைன்னு சொல்லுவே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அங்க ஒரு கொக்கி போடுவார், "இதே டெஸ்டை ஜோபர்க்ல பண்ணா?". டர்பன் கடல் மட்டத்துல இருக்கு, 100ல கொதிக்கும். ஜோபர்க் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் மேல, அங்க 94, 95லயே கொதிச்சிடும், அதை 100ன்னு நெனைச்சு செட் பண்ணா எல்லா ரீடிங்கும் தப்பு. தெரியாட்டி "ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்"னு சொல்லிட்டு சத்தமா யோசி, உயரம் போனா காத்தழுத்தம் கொறையும், அழுத்தம் கொறைஞ்சா சீக்கிரம் கொதிக்கும், அப்போ 100க்கு கீழ, எவ்வளவுன்னு டேபிள் பாக்கணும். நம்பர் வரலன்னாலும் பாஸ். புதுசா படிச்சு வர்ற பிள்ளைகிட்ட நம்பரை யாரும் எதிர்பாக்கல, எந்த வழில யோசிக்குதுன்னுதான் பாக்குறோம்.

டொங்காட்லேர்ந்து: உங்க பலவீனம் என்னன்னு கேட்டா?

"நான் ரொம்ப கடுமையா உழைப்பேன், அதான் பலவீனம்"னு மட்டும் வேண்டாம், கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. நெஜமா ஒண்ணு சொல்லு, அதுக்கு நீ இப்ப என்ன பண்றேன்னு சேத்து சொல்லு. ரிப்போர்ட் எழுத லேட் ஆகுது, அதனால டெஸ்ட் நடக்கும்போதே குறிப்பு எழுதி வெக்கிறேன், போதும். சேஃப்டி சம்பந்தமா எதையும் பலவீனம்னு சொல்லிடாதே, லாக்-அவுட் பண்ண, அதாவது மெஷின்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி பவரை நிறுத்திப் பூட்ட, மறந்துடுவேன்னு ஒருத்தன் சிரிச்சிட்டே சொன்னான், அதோட முடிஞ்சது.

ஃபீனிக்ஸ்லேர்ந்து ஒரு தம்பி: நாலு வருஷ டிகிரிய முடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. தெர்மோவும் மேத்ஸும் ரெண்டு தடவை போச்சு. எப்படி மறைக்கிறது?

மறைக்க முடியாது, அகாடமிக் ரெக்கார்டு அவங்க முன்னாடி இருக்கு, எந்த வருஷம் எவ்வளவு மார்க்குன்னு எல்லாமே. அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீயா ஆரம்பிக்க வேண்டாம், கேட்டா ஒரே மூச்சுல காரணம், என்ன மாத்தினே, அப்புறம் என்ன மார்க் வந்துச்சு. வேலை பாத்துட்டே படிச்சிருந்தா அதையும் சொல்லு, அப்பா கடைல நின்னதும் வேலைதான். லெக்சரர் மேல பழி போடாதே. அது உண்மையாவே இருந்தாலும் அந்த ரூம்ல எடுபடாது.

ஒரு அம்மா, மெரபேங்க்: பையன்கிட்ட சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்கன்னு கேட்டாங்களாம், "நீங்க குடுக்குறதை குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டான். சரியா?

தப்புன்னு சொல்ல மாட்டேன்மா, ஆனா விவரம் இல்லாத பதில். இங்க கம்பெனிங்க பேசுறது பெரும்பாலும் சிடிசி, அதாவது உங்க பையனுக்காக கம்பெனி மொத்தமா செலவு பண்ற தொகை. கைக்கு வர்றது அது இல்ல. அதுலேர்ந்து பிஏஒய்இ, அதாவது சம்பளத்துலயே புடிக்கிற வருமான வரி போகும், ரிடையர்மென்ட் ஃபண்டு போகும், மெடிக்கல் எய்டு இருந்தா அது போகும், யுஐஎஃப், அதாவது வேலை போனா உதவுற காப்பீட்டு நிதிக்கு 1 சதவீதம் போகும், அதுக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு உண்டு, மாசம் 17,712 ராண்டுக்கு மேல எவ்வளவு வாங்கினாலும் 177 ராண்டுதான் புடிப்பாங்க. பதிமூணாவது செக், அதாவது வருஷத்துக்கு ஒரு மாச சம்பளம் கூடுதலா, தர்றோம்னு சொல்லுவாங்க, அதையும் கேட்டுக்கணும், சில எடத்துல அது தனி, சில எடத்துல அதே சிடிசியை பன்னண்டுக்கு பதிலா பதிமூணா வெட்டிக் குடுக்குறது. ஒரே தொகை சொல்ற ரெண்டு கம்பெனில கைக்கு வர்றது ஆயிரக்கணக்குல வித்தியாசப்படும்.

அதனால போறதுக்கு முன்னாடி கூடப் படிச்சு வேலைக்கு சேந்த ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிச்சு, அதே ஊர்ல அதே வேலைக்கு என்ன போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, "சிடிசில இவ்வளவுலேர்ந்து இவ்வளவுக்குள்ள எதிர்பாக்குறேன், டிரெயினிங் நல்லா இருந்தா பேசிக்கலாம்"னு சொல்லச் சொல்லுங்க. கீழ் நம்பர் நெஜமா ஒத்துக்கக்கூடிய நம்பரா இருக்கணும், ஏன்னா அவங்க காதுல விழுறது அதுதான். அப்புறம் ஒரு விஷயம்மா, கார் பார்க்ல உக்காந்திருங்க, ரிசப்ஷன் வரைக்கும் கூடப் போகாதீங்க.

நியூகாசில் தம்பி: அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்கன்னு கேட்டா "உங்க சீட்ல"ன்னு சொல்லலாமா?

யூடியூப்ல பாத்தியா? விட்டுடு. நம்ம நாட்டுல இந்த கேள்விக்கு ரெடிமேடா ஒரு நல்ல பதில் இருக்கு, பாதி பேர் அதை சொல்றதே இல்ல. தென்னாப்பிரிக்க இன்ஜினியரிங் கவுன்சில்ல கேண்டிடேட்டா பதிவு பண்ணி, கொறைஞ்சது மூணு வருஷம் டிரெயினிங், அதுக்கப்புறம் புரொஃபஷனல் ரெஜிஸ்ட்ரேஷன். பிஎஸ்சி இன்ஜினியரிங், பிஇன்ஜ் முடிச்சவங்களுக்கு பிஆர் இன்ஜ், அதாவது புரொஃபஷனல் இன்ஜினியர்; பிடெக், பிஇன்ஜ்டெக்னா டெக்னாலஜிஸ்ட், நேஷனல் டிப்ளமோன்னா டெக்னீஷியன். உன்னோட தடம் எதுன்னு தெரிஞ்சுக்காம "பிஆர் இன்ஜ் ஆகப்போறேன்"னு சொல்லி மாட்டிக்காதே, டியுடில, அதாவது டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜில, டிப்ளமோ முடிச்ச பசங்க சில பேர் இதுல சறுக்குறாங்க. அஞ்சு வருஷத்துல ரெஜிஸ்டர் ஆகி, சின்ன புராஜெக்ட் ஒண்ணை சொந்தப் பொறுப்புல நடத்தணும்னு சொல்லு. கூடவே திருப்பிக் கேளு, இங்க ரெஜிஸ்டர் ஆன மென்டர் இருக்காங்களா, கவுன்சிலோட டிரெயினிங் ஒப்பந்தம் கம்பெனி போட்டிருக்கான்னு. மென்டர் இல்லாத எடத்துல மூணு வருஷம் உக்காந்தா அனுபவம் வரும், அதை கவுன்சில் கேக்குற மாதிரி எழுதிக் காட்டி கையெழுத்து வாங்க ஆள் இருக்காது.

பேர் போட வேண்டாம்னு ஒரு வாசகி: நான் சிவில். கல்யாணம் எப்போ, குழந்தை பெத்துக்குற பிளான் இருக்கா, சைட்ல ஆம்பளைங்களோட ராத்திரி வேலை பாப்பீங்களான்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல, சிரிச்சு வெச்சேன்.

அந்த கம்பெனி பேரையும் எழுதியிருந்தே, அதை இங்க போடல. கேட்டது தப்பு, நீ சிரிச்சது தப்பு இல்ல. 1998ஆம் வருஷ எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம், நம்பர் 55, அதுல 6வது பிரிவு பால், கர்ப்பம், கல்யாண நிலை, குடும்பப் பொறுப்பு எதை வெச்சும் அநியாயமா பாகுபாடு பண்ணக்கூடாதுன்னு சொல்லுது, 9வது பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்களுக்கும் அது பொருந்தும்னு சொல்லுது. அதனாலதான் வேலை தரலன்னு நெனைச்சா ஆறு மாசத்துக்குள்ள சிசிஎம்ஏ, அதாவது வேலைத் தகராறுகளைத் தீர்த்து வெக்கிற கமிஷன்கிட்ட போகலாம், காசு கெடையாது. கேள்வி, தேதி, யார் யார் இருந்தாங்கன்னு அன்னிக்கே எழுதி வெச்சுக்கோ.

ஆனா ரூம்ல உக்காந்திருக்கும்போது சட்ட நம்பர் சொல்ல எல்லாருக்கும் தைரியம் வராது. கல்யாணக் கேள்விக்கு பதில் சொல்லாம, அதுக்குப் பின்னாடி இருக்குற வேலைக் கேள்விக்கு மட்டும் சொல்லு: "நைட் ஷிஃப்ட், சைட் டிராவல் ரெண்டுக்கும் ரெடி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், போக வர டிரான்ஸ்போர்ட் இருக்கா?" அதுக்கு மேலயும் நோண்டினாங்கன்னா அங்க வேலை எப்படி இருக்கும்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

லெனேசியாலேர்ந்து ஒரு அப்பா: இந்தியப் பிள்ளைங்களுக்கு இனி எங்க சார் வேலை, அப்ளை பண்ணி பிரயோஜனம் உண்டா?

அதே சட்டத்துல வேலைல முன்னுரிமை பெறுற "கறுப்பர்"ங்கிற வரையறைக்குள்ள இந்தியர்களும் வர்றாங்க. எந்த இனத்துல எத்தனை பேர் வேணும்ங்கிற இலக்கு நம்பர்னு வரும்போது எடத்துக்கு எடம் மாறும், சில எடத்துல நமக்கு கதவு ஒடுக்கம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதை தினமும் சாப்பாட்டு மேஜைல பேசிட்டு பிள்ளைய இன்டர்வியூவுக்கு அனுப்பினா அது மூஞ்சிலயே தெரியுது. அப்ளை பண்ணட்டும்.

இன்னும் சில, சுருக்கமா.

லெஃபலாலே, செக்குண்டா பக்கம் போவியான்னு கேட்டா வீட்ல கேட்டு சொல்றேன்னு சொல்லாதே, வீட்ல முன்னாடியே கேட்டுட்டு போ. பெரிய பவர் ஸ்டேஷனும் பிளான்ட்டும் அங்கதான் இருக்கு, டர்பன் பீச்ல இல்ல. கார் ஓட்டுற கோட் 8 லைசென்ஸ் இல்லாம சைட் வேலைக்கு போறவங்க மொதல்ல அதை எடுங்க, அதுல மட்டும் கழிஞ்சுபோற சிவி நெறைய.

புரட்டாசி விரதத்துல இன்டர்வியூ, கூடவே லஞ்ச்னு ஒருத்தர் எழுதியிருந்தார், எல்லாம் இறைச்சி. மெயில்லயே வெஜிடேரியன்னு ஒரு வரி போட்டுடுங்க, அதுல யாரும் எதுவும் நெனைக்க மாட்டாங்க. ஐசிபர்க் லெட்டியூஸும் சிப்ஸும்தான் கெடைக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

டை கட்டணுமான்னு கேட்டவருக்கு: ஆபீஸ்ல நடந்தா கட்டுங்க. பிளான்ட்ல சுத்திக் காட்டுவோம்னு சொல்லியிருந்தா வேண்டாம், மூடின ஷூ மட்டும் கட்டாயம், இல்லன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க.