பூனை கவ்விய புறா: முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி

கேள்வி: ஐயா, வீட்டுத் தோட்டத்தில் காய்கறிகளோடு சில கோழிகளும் வளர்க்கிறேன். பந்தலில் ஒரு புள்ளிப்புறா ஜோடி கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. இன்று காலை அந்த ஜோடியில் ஒன்றைப் பூனை கவ்விவிட்டது. விரட்டியதும் போட்டுவிட்டு ஓடிவிட்டது. புறாவுக்கு வால் இறகு ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது, இடது இறக்கை தொங்குகிறது. ரத்தம் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் நின்றுவிட்டது. ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்தோம், தொடவில்லை. சொட்டுக் குழாயால் வாயில் தண்ணீர் விடலாமா? காயத்துக்கு எண்ணெய் தடவலாமா? கோழிக் கூண்டிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமா? குஞ்சுகளை என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூனையின் பல் பட்ட புறாவை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ரத்தம் நின்றுவிட்டது என்று ஆறுதல் அடையவும் முடியாது. பூனையின் பல் ஊசி போன்றது. மேலே புள்ளியளவு துளைதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். பூனையின் வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தத் துளை வழியாகப் போய் ரத்தத்தில் கலந்துவிட்டால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்த பறவை ஓரிரு நாளில் செத்துவிடும். ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பறவையை எடை போட்டுப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். வலி மாத்திரையும் அப்படித்தான், பறவைக்கு அது நஞ்சாகிவிடக்கூடும்.

வால் இறகு போனதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிடிபட்ட பயத்தில் புறா வால் இறகுகளைக் கொத்தாக உதிர்த்துவிடும். பிடித்த விலங்கின் வாயில் இறகு மட்டும் மிஞ்சும், பறவை தப்பிவிடும். அடியோடு உதிர்ந்த இறகு சில வாரங்களில் திரும்ப முளைத்துவிடும். பாதியில் ஒடிந்த இறகுதான் அடுத்த இறகு உதிர்வு வரை அப்படியே நிற்கும். நீங்கள் தேட வேண்டியது பல் பட்ட இடத்தை. ஈரப் பஞ்சால் இறகை விலக்கி முதுகு, இறக்கையின் அடிப்பக்கம், தொடை, மார்பு என்று பாருங்கள். எங்காவது வெள்ளையாக, நுண்ணிய அரிசி ஒட்டியதுபோல் தெரிந்தால் அது ஈ முட்டை. சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், விட்டால் சீக்கிரமே புழுவாகிவிடும். ஆனால் இந்தச் சோதனையைச் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் கையில் வைத்திருப்பதே புறாவுக்குப் பெரிய அடி.

பிடிக்கும்போது மெல்லிய துண்டை மேலே போட்டு, இரண்டு கையாலும் இறக்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி தூக்குங்கள். மார்பை அழுத்தக்கூடாது. நமக்கு இருப்பதுபோல் மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசைத் திரை பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். பயந்துபோன புறாவை இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

மருத்துவரிடம் போகும் வரை அதற்கு வேண்டியது இருட்டும் சூடும் அமைதியும்தான். புறாவின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் இருக்கும் பறவையின் வெப்பம் வேகமாக இறங்கிவிடும், அப்புறம் எதைக் கொடுத்தாலும் உடம்பு ஏற்காது. மூடியுள்ள அட்டைப் பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டு, தரையில் நூல் பிரியாத பழைய துணியை விரியுங்கள். வழவழப்பான காகிதம் மட்டும் போட்டால் கால் வழுக்கி அகன்றுவிடும். நிற்க முடியாத பறவை என்றால் ஒரு துண்டை வளையமாகச் சுருட்டி நடுவில் உட்கார வையுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால்தான் சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள முடியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூட்டைக் குறையுங்கள். பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்ப்பதும் தடவிக் கொடுப்பதும் வேண்டாம். புறா அசையாமல் உட்கார்ந்திருந்தால் பழகிவிட்டது என்று பொருளில்லை, பயத்தில் உறைந்திருக்கிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சொட்டுக் குழாயால் வாயில் விடவே வேண்டாம். காயம்பட்ட புறாக்களில் பல, காயத்தால் அல்ல, அன்போடு ஊற்றிய தண்ணீரால் சாகின்றன. புறாவின் வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் தெரியும். நீங்கள் விடும் சொட்டு நேராக நுரையீரலுக்குப் போய்விடும். புறாவுக்கு இன்னொரு வசதி உண்டு. கோழி அலகில் தண்ணீரை அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அலகை உள்ளே விட்டு, தலையைத் தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும். அதனால், உடம்பு சூடேறி நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, அலகின் நுனியை மட்டும் மெதுவாக நனைத்துப் பாருங்கள். மூக்குத் துளை மூழ்கக்கூடாது. தாகமாக இருந்தால் தானே உறிஞ்சும், தொண்டை அசைவதைப் பார்க்கலாம். குடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தலை தொங்கிக் கிடக்கும் பறவைக்கு இதுவும் வேண்டாம். குடித்த தண்ணீர் கழுத்தடியில் இறகை நனைத்துக்கொண்டு கசிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. மருத்துவர் தைத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஆனால் அதற்குமேல் வீட்டில் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

பாலும் ரொட்டியும் வேண்டாம். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை. புறா முழுத் தானியம் தின்னும் பறவை. கம்பு, உடைத்த சோளம், கோதுமை, பச்சைப்பயறு கலந்து தட்டில் வைத்தால் போதும். குடல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் தீனி. முதல் நாள் தின்னாமல் இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். எச்சத்தைக் கவனியுங்கள். நன்றாக இருந்தால் பழுப்பும் வெள்ளையும் கலந்து உருண்டையாக இருக்கும். சிறிதாகவும் கரும்பச்சையாகவும் போனால் வயிறு காலி என்று பொருள். தண்ணீர் குடிக்கிறது, நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் மறுநாளும் தின்னவில்லை என்றால், ஊறவைத்த பச்சைப்பட்டாணியை அலகைத் திறந்து நாக்குக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்து விழுங்க வைக்கலாம். அதை மருத்துவர் கையால் ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இறக்கை தொங்குவதால் முறிவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சதை நசுங்கியிருந்தாலும் தொங்கும். நேராக நிற்க வைத்துப் பின்பக்கமிருந்து இரண்டு இறக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நுனி மட்டும் தாழ்ந்திருக்கிறதா, தோளிலிருந்தே விழுந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு உதவும். குச்சி வைத்துக் கட்டுவது கூடாது. பயணத்துக்கு, இறக்கையை இயல்பாக மடித்த நிலையில் வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றினால் போதும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் சுத்தமான ஈரத் துணியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். தோளை ஒட்டிய மேல் எலும்பு உள்ளே வெற்றிடமாக இருக்கும், அது மூச்சுக் காற்றுப் பைகளோடு இணைந்தது. அங்கே ஊற்றும் தண்ணீர் மூச்சுப் பாதைக்குள் போகும். பறவை எலும்பு வேகமாகக் கூடும், சரியாகக் கட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் கட்டை விட்டுவைத்தால் மூட்டு இறுகிவிடும். அவிழ்க்க வேண்டிய நாளைத் தவறவிடாதீர்கள்.

எண்ணெய் வேண்டாம், களிம்பும் வேண்டாம். எண்ணெய் இறகில் பரவினால் இறகு ஒட்டிக்கொண்டு சூட்டைக் காக்காது, மழையையும் தடுக்காது. மேலோட்டமான காயத்தைச் சலைன் கொண்டு துடைக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்தால் அதுவே சலைன். போவிடோன் அயோடின் இருந்தால் வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்து ஒற்றுங்கள். ரத்தம் மறுபடி கசிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். கால்களையும் பாருங்கள். நூலோ முடியோ விரலில் சுற்றி இறுகியிருப்பது புறாக்களில் மிகச் சாதாரணம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நுனிக் கத்தரியால் எடுக்க வேண்டும்.

கோழிக் கூண்டில் வைக்கவே கூடாது. பூனையிடம் மாட்டியது ஏற்கெனவே தளர்ந்த பறவையாகவும் இருக்கலாம். அதனால் நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாய்க்குள் மஞ்சள் நிறத்தில் பாலாடைக்கட்டிபோல் படிந்திருந்தால் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. கழுத்து திருகிக்கொண்டு, தானியத்தைக் குறி தவறிக் கொத்தி, தண்ணீராகக் கழிந்தால், தலையில் அடி பட்டிருக்கலாம். இல்லையென்றால் அது கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கு நெருங்கிய வைரஸாக இருக்கலாம். கண்ணைச் சுற்றியும் காலிலும் கட்டிகள் இருந்தால் அம்மை, கொசு மூலம் கோழிக்கும் புறாவுக்கும் பரவக்கூடிய வகை நோய் அது. கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, கடைசியில் புறாவைத் தொடுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள். புறாவிலிருந்து மனிதருக்கு நுரையீரல் தொற்று வர வாய்ப்புண்டு, கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது. தோட்டத்தில் ஒரே சமயத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் பயிர் செய்கிறவர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். சமீபத்தில் மருந்தில் நேர்த்தி செய்த விதை எதையாவது விதைத்தீர்களா? மண்ணுக்கு மேலே சிந்திக் கிடக்கும் அந்தச் சாயம் ஏறிய விதையைப் புறா பொறுக்கித் தின்றால், எச்சில் வடிந்து, நடுங்கி, கால் தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட பறவை ஓடவும் பறக்கவும் முடியாமல் பூனையிடம் மாட்டும். இந்த அறிகுறி இருந்தால் விதைப் பொட்டலத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குஞ்சுகளைப் பொறுத்தவரை, கூட்டைத் தொடாதீர்கள். தூரத்திலிருந்து பாருங்கள். தாயும் தந்தையும் இரண்டுமே தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும் பறவைகள் இவை. குஞ்சுகளுக்கு இறகு மூடியிருந்தால், மீதமிருக்கும் பெரிய புறா தனியாகவே வளர்த்துவிடும். இறகில்லாத சிறு குஞ்சு என்றால், சில மணி நேரம் பெரியது எதுவும் வராமல் இருந்து குஞ்சு குளிர்ந்துவிட்டால் மட்டும் எடுத்து, சூடான பெட்டியில் மருத்துவரிடமோ பறவைப் பராமரிப்பவரிடமோ சேர்த்துவிடுங்கள். புறாக்குஞ்சு மற்றக் குஞ்சுகள்போல் வாயைத் திறந்து வாங்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டுத்தான் உண்ணும். பழக்கமில்லாதவர் ஊட்டினால் மூச்சுக்குழலில் போய்விடும். புள்ளிப்புறாக் குஞ்சு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கூட்டைவிட்டு இறங்கிவிடும். அப்போது தரையில் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்து அநாதை என்று தூக்கிவராதீர்கள். பூனையைச் சில நாள் வீட்டுக்குள் அடைத்து வைப்பதுதான் அதற்குச் செய்யும் உதவி.

பெரிய புறா தேறிய பிறகு உடனே திறந்துவிடாமல், ஒரு மூடிய அறையில் பறக்கவிட்டுப் பாருங்கள். ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுங்கள். தரையிலிருந்து எழும்பி, திரும்பி, உயரத்தில் சரியாக உட்கார முடிந்தால்தான் வெளியே போகலாம். மழையில்லாத காலையில், பிடித்த அதே தோட்டத்தில் விடுங்கள், அதன் ஜோடி அங்கேதான் இருக்கும். பறக்கவே முடியாமல் போனால் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுப் பறவையை அடைத்து வைப்பதற்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, சிகிச்சைக்காக என்றாலும்.