நைனாவின் கண்ணாடி

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் நைனாவுக்கு 72 வயது. லுங்கி நெய்தவர். பெருங்குடலில் கட்டி என்று வேலூரில் ஆபரேஷன் செய்து இன்று நான்காம் நாள். இரண்டாம் ராத்திரி என்னைப் பார்த்து, "யார் நீ, தறி மேல இருந்த பாவு நூலை எங்க வெச்ச?" என்று கத்தினார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். விடிந்ததும் எதுவும் நினைவில்லை. நேற்று ராத்திரியும் அப்படித்தான். நடக்கச் சொன்னால் "என்னைக் கொல்றியா" என்கிறார். புத்தி பிசகிவிட்டதோ, நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

சிஸ்டரிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போய்ச் சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது நான் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க, செத்துப்போன தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெட்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் மறைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் சிறுநீரில் கிருமி என்று தெரிந்தது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது சகஜம். ராத்திரியில் கூடும், பகலில் தெளியும். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் பின்னால் கிருமியோ, உப்புச் சத்துக் குறைவோ, மூத்திரம் கட்டிக்கொண்டதோ, ஏதாவது மருந்தோ இருக்கலாம். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். நீங்கள் சரியாகப் பார்க்காததால் வந்ததல்ல.

அவர் கண்ணாடி போடுகிறவரா? ஆபரேஷனுக்கு முன்னால் கழற்றிக் கொடுத்திருப்பார்கள், அது உங்கள் பையிலேயே கிடக்கும். எடுத்து மாட்டிவிடுங்கள். பல்செட் இருந்தால் அதையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. "நைனா, நான்தான். இது வேலூர். மணி ரெண்டு, ராத்திரி" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பாவு எங்கே என்று கேட்டால் வாதாட வேண்டாம். பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் போதும்.

மூச்சுப் பயிற்சிக்கென்று மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டால் நெஞ்சில் சளி தங்கிவிடும். இருமும்போது ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வலி பாதியாகும். நடையும் அப்படித்தான். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், குடலும் சோம்பிப் போகும். டாக்டர் ரவுண்ட்ஸில் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பது விளையாட்டுக்கு இல்லை, குடல் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். வலி மாத்திரை கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்து நடக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், "கொல்றியா" குறையும். வலி உச்சத்துக்குப் போகும்வரை பொறுத்திருந்து மருந்து கேட்பது நம் ஊர் வீரம். அது வேண்டாம்.

அப்புறம் உறவுக்காரர்கள் வருவார்கள். பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் கொடுத்தால் புண் அரிக்கும் என்பார்கள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ஜில்லா இது, இங்கேயே அதற்கு இந்தக் கதி! புண் ஆறப் புரதம் வேண்டும். குடல் ஆபரேஷன் என்பதால் எதை எப்போது ஆரம்பிப்பது என்பதை மட்டும் டாக்டர் சொல்லட்டும். அதுவரை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்களை வராந்தாவிலேயே பேசி அனுப்பிவிடுங்கள்.

நான்கு ராத்திரியும் நீங்களே உட்கார்ந்தீர்களா? அண்ணனோ தம்பியோ இருந்தால் இன்றைக்கு அவர் முறை. காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்து நோயாளியோடு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி, வாடகை அடுப்பில் சமைத்துக்கொண்டு, முறை வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்களும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். போவதற்கு முன்னால், கண்ணாடி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.