மூன்று ரீடிங் ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஓராண்டு ஆகிறது. மருந்து நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் காஸ்டிக் சோடா கரைசலின் நார்மாலிட்டியை, அதாவது செறிவை, கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மூன்று ரீடிங்கும் மூன்று விதமாக வந்தன. எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) பயிற்சிக்குப் பணம் கட்டினால் வேலை கிடைக்குமா? பத்தாவது முடித்த தம்பிக்கும் லேப் வேலையில் ஆர்வம். அவனுக்கு என்ன வழி? (வாசகி, கடலூர்)

பதில்: எச்பிஎல்சி பயிற்சியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அந்தக் கருவிக்குள் செலுத்தும் கரைசலையும் தராசு, பிப்பெட், அளவுக் குடுவை கொண்டு நீங்கள்தான் தயாரிக்க வேண்டும். அங்கே நேர்ந்த பிழையை எந்தக் கருவியும் திருத்தித் தராது. தேர்வாளர்கள், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட்டைக் கையில் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் படித்த கல்லூரியில் அனுமதி கேட்டு, அதே சோதனையைப் பத்து நாள் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு லிட்டருக்கு சுமார் 4 கிராம் காஸ்டிக் சோடா எடுத்தால் 0.1 நார்மல் கரைசல் கிடைக்கும். 'சுமார்' என்பதைக் கவனியுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் அந்த எடையை நம்ப முடியாது. கொதிக்கவைத்து ஆறவைத்த வாலைவடிநீரில் கரைத்துப் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அதனால், எடையை நம்பக்கூடிய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற அமிலப் பொருளோடு வினைபுரியச் செய்துதான் கரைசலின் உண்மையான செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பொருளை 110 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டர் என்னும் ஈரம் புகாத மூடிய கலத்தில் ஆறவிடுங்கள். சூடாக நிறுத்தால் தராசு எடையைக் குறைத்துக் காட்டும். சுமார் 0.5 கிராமை நான்கு தசம இலக்கம் வரை நிறுத்து, கூம்புக் குடுவையில் 50 மில்லி நீரில் முழுவதும் கரையுங்கள். நிறங்காட்டியாக 2 சொட்டு பினாப்தலீன் போதும்.

பெரும்பாலான பிழைகள் பியூரெட்டில்தான். அதைக் காஸ்டிக் கரைசலாலேயே இரண்டு முறை அலசிவிட்டு, அதே கரைசலால் நிரப்புங்கள். நீர் தங்கியிருந்தால் கரைசல் நீர்த்துப்போய் ரீடிங் கூடும். கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால் கழுவினால் போதும். அதில் ஈரம் இருந்தாலும் பரவாயில்லை, நிறுத்துப் போட்ட பொருளின் அளவு மாறப்போவதில்லை. குழாய் முனையில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். அது நடுவில் வெளியேறினால், அதன் கன அளவும் செலவான காரமாகக் கணக்கில் ஏறிவிடும். புனலை எடுத்துவிடுங்கள். அதன் காம்பில் நிற்கும் சொட்டு பிறகு விழுந்தால் ரீடிங் குறையும். கண்ணைக் கரைசல் மட்டத்துக்கு நேராக வைத்து, பின்னால் வெள்ளை அட்டை பிடித்துக் கீழ்வளைவைப் படியுங்கள்.

குடுவைக்குள் கரைசல் விடுவதை நிறுத்த வேண்டிய முடிவுநிலை என்பது 30 விநாடி நிற்கும் இளஞ்சிவப்பு. அதன்பின் மங்கினால் காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைகிறது என்று பொருள். இன்னொரு சொட்டு விடாதீர்கள். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. நெருங்கியதும் அரைச் சொட்டைப் பியூரெட் முனையில் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு, நீரால் கழுவி இறக்குங்கள்.

இனிக் கணக்கு. 0.5106 கிராமுக்கு 25.10 மில்லி செலவானால், 0.5106-ஐ 204.22-ஆலும் (தாலேட்டின் சமான எடை) 0.02510-ஆலும் (லிட்டரில் 25.10 மில்லி) வகுக்க வேண்டும். விடை 0.0996 நார்மல். ஒவ்வொரு முறையும் தனித்தனியாக நிறுத்திருந்தால், எடைக்கேற்ப ரீடிங் மாறத்தான் செய்யும். ஒத்துவர வேண்டியது நார்மாலிட்டி. நேர்காணலில் நீங்கள் தடுமாறியது இங்கேயாகவும் இருக்கலாம். பிப்பெட்டில் ஒரே அளவு கரைசல் எடுத்துச் செய்யும்போது மட்டுமே ரீடிங்குகள் 0.1 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும். பிப்பெட் முனையில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள். அதையும் கணக்கில் கொண்டுதான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஒத்துவராத எண்ணை ஒத்துவரச் செய்து எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். மருந்து ஆலையில் அது வேலையையே பறிக்கும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை அருகில் எழுதி, கையொப்பமும் தேதியும் இடுங்கள். ஒயிட்னர் கூடாது. துண்டுச் சீட்டில் குறித்துப் பிறகு நோட்டில் ஏற்றுவதும் கூடாது.

கை பழகிய பிறகு எச்பிஎல்சிக்குப் போகலாம். அப்போதும் பணம் கட்டுமுன் கருவியை நீங்களே இயக்கலாமா, பார்க்க மட்டும்தானா என்று கேளுங்கள். பாஸ்பேட் பஃபர் என்னும் உப்புக் கரைசல் ஓடிய பிரிப்புக் குழாயில் (column) அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை நேரடியாக விட்டால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். இடையில் நீர் விட வேண்டும் என்பதைக் கையால் செய்துதான் பழக முடியும். செலவில்லாத வழி அப்ரென்டிஸ்ஷிப். உதவித்தொகையும் உண்டு. உங்கள் ஊர் சிப்காட்டிலேயே வேதிப்பொருள், மருந்து ஆலைகள் இருக்கின்றன. தேசிய அப்ரென்டிஸ்ஷிப் தளத்தில் பதிவு செய்துவிட்டு, ஆலைகளிலும் நேரில் விசாரியுங்கள்.

தம்பிக்கு ஐ.டி.ஐ.யில் 'லேபரட்டரி அசிஸ்டென்ட் (கெமிக்கல் பிளான்ட்)' என்ற இரண்டாண்டுப் பிரிவு பொருந்தும். பத்தாவதில் அறிவியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். எல்லா ஐ.டி.ஐ.களிலும் இந்தப் பிரிவு கிடையாது. விண்ணப்பிக்கும் முன் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.