ஒகினாவா வம்சாவளியும் குடியேறியவர்களும்: வருமானத்தை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: முதுகலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘அமெரிக்காவில் குடியேறியவர்கள், ஒகினாவா வம்சாவளியினர்: பொருளாதார நிலை ஒப்பீடு’ என்று கைடு தலைப்புக் கொடுத்திருக்கிறார். இங்குள்ள ஒரு புராஜெக்ட் சென்டரில், “டேட்டாவை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்க வேண்டும், அனாலிசிஸோடு சேர்த்து 18,000 ரூபாய்” என்கிறார்கள். மாதிரிக்கு ஓர் அட்டவணையும் தந்தார்கள். அதில் ஒகினாவா (ஜப்பானின் தென்கோடித் தீவு மாகாணம்) வம்சாவளியினரின் குடும்ப வருமானம் குடியேறியவர்களைவிட அதிகம் என்று இருக்கிறது. நம்பலாமா? எனக்கு எக்ஸெல் மட்டும்தான் தெரியும். (ஒரு மாணவி, மதுரை)

பதில்: பணம் கட்டாதீர்கள். அவர்கள் விற்பது அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் தரவு. அதை மின்னசோட்டா பல்கலைக்கழகம் ‘ஐபம்ஸ்’ என்ற தளத்தில் ஒழுங்குபடுத்தி இலவசமாகத் தருகிறது. பெயர், மின்னஞ்சல், எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் பதிவு செய்தால் போதும். அனுமதியில்லாமல் அந்தக் கோப்பை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்பது பதிவின்போது ஒப்புக்கொள்ளும் நிபந்தனை. பென் டிரைவில் போட்டு விற்பவர் அந்த நிபந்தனையை மீறுகிறார். அந்தக் கோப்பை வைத்து ஆய்வேடு எழுதிவிட்டு, வைவாவில் “தரவை எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தீர்கள்?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

அட்டவணைக்கு வருவோம். அதிலுள்ள எண்கள் தவறாக இல்லாமலே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று எதிரே நிற்க வேண்டியவை அல்ல. ‘குடியேறியவர்’ என்பதை முடிவு செய்வது, ஒருவர் எங்கே பிறந்தார், பிறப்பால் அமெரிக்கக் குடிமகனா என்ற இரண்டும்தான். ‘ஒகினாவா வம்சாவளி’ என்பது, “உங்கள் பூர்விகம் என்ன?” என்ற கேள்விக்கு அவரே எழுதிக்கொடுத்த விடை. ஒன்று பிறப்பு, மற்றொன்று சுய அடையாளம். ஒரே ஆள் இரண்டிலும் வரலாம், ஒன்றில் மட்டும் வரலாம், இரண்டிலும் வராமலும் போகலாம்.

எந்த புராஜெக்ட் சென்டரும் கவனிக்காத இடம் இதுதான். ஒகினாவா 1945 முதல் 1972 மே 15 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. ராணுவத் தளங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1960-களில் அமெரிக்கச் சிப்பாயை மணந்து கலிபோர்னியாவுக்குப் போன நாஹா நகரப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடம் ஜப்பான், பூர்விகம் ஒகினாவா. அவர் குடியேறியவர், ஒகினாவா வம்சாவளியினரும் கூட. அவருடைய மகன் ஒகினாவா தளத்து மருத்துவமனையில் பிறந்திருந்தால், பிறந்த இடம் ஜப்பான் என்றே பதிவாகும். ஆனால் தந்தை வழியில் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன் என்பதால் அவர் குடியேறியவர் அல்ல. அதே மருத்துவமனையில் டெக்சாஸ் தம்பதிக்குப் பிறந்த குழந்தைக்கும் பிறந்த இடம் ஜப்பான்தான். அந்தக் குழந்தை குடியேறியவரும் இல்லை, ஒகினாவாக்காரரும் இல்லை. பெருவிலோ பிரேசிலிலோ ஒகினாவாக் குடும்பத்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தவருக்குப் பிறந்த இடம் தென் அமெரிக்கா, பூர்விகம் ஒகினாவா. அவர் இரண்டிலும் வருவார். ஹொனலுலுவில் நான்காம் தலைமுறையாக வாழும் ஒருவர் பூர்விகம் ‘ஜப்பான்’ என்று மட்டும் எழுதிவிட்டால், அவர் உங்கள் கணக்கில் எங்குமே வரமாட்டார்.

ஆகவே பிறந்த நாட்டை மட்டும் பார்த்துப் பிரிக்காதீர்கள். குடியுரிமை மாறியையும் (கோப்பில் குடியுரிமை பதிவாகியிருக்கும் பத்தி) சேர்த்து எடுங்கள். அதில் ‘அமெரிக்கப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்தவர்’ என்று தனிக் குறியீடு உண்டு. அவர்களைக் குடியேறியவர் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பிறகு இரண்டுக்குப் பதில் மூன்று குழுக்களாக வையுங்கள்: அமெரிக்காவில் பிறந்த ஒகினாவா வம்சாவளியினர், வெளிநாட்டில் பிறந்த ஒகினாவா வம்சாவளியினர், ஒகினாவா அல்லாத குடியேறியவர்கள். நடுக்குழுவில் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். அதற்கு இடைநிலை (மீடியன்) வருமானம் கணக்கிடாமல், எத்தனை பேர் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஒகினாவா என்று எழுதுபவர்களே எவ்வளவு குறைவு என்பதையும் மனதில் வையுங்கள். 2000, 2010 கணக்கெடுப்புகளில், கலப்பாகக் குறிப்பிட்டவர்களையும் சேர்த்து, நாடு முழுக்கப் பத்துப் பதினோராயிரம் பேர்தான். ஹவாயில் மட்டுமே அதைப்போலச் சில மடங்கு பேர் இருப்பதாக அங்குள்ள ஒகினாவா சங்கங்கள் சொல்கின்றன. மற்றவர்கள் ‘ஜப்பானியர்’ என்ற பெயருக்குள் போய்விடுகிறார்கள். தவிர, பூர்விகக் கேள்விக்கு எத்தனை விடை எழுதினாலும் முதல் இரண்டுதான் குறியீடாகும். எனவே முதல் பூர்விகம், இரண்டாம் பூர்விகம் என்ற இரண்டு மாறிகளிலும் ஒகினாவாவைத் தேட வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தால் இருக்கிற கொஞ்சமும் குறைந்துவிடும். குறியீட்டு எண்ணை யாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எடுக்கும் ஆண்டின் குறியீட்டு ஏட்டிலேயே (கோட்புக்) பாருங்கள்.

இனி எக்ஸெல். ஐந்தாண்டு மாதிரி (ஆண்டுதோறும் நடக்கும் ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’யின் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தது) என்பது மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. நாடு முழுவதற்கும் எடுத்தால் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வரிகள் வரும். எக்ஸெல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். நின்றதைக் கவனிக்காமல் மேலே இருந்த மாநிலங்களை மட்டும் வைத்து ‘அமெரிக்கா’ என்று முடிவு எழுதினால் அந்த ஆய்வேடே வீண். அதனால் ஹவாயை மட்டும் எடுங்கள். கோப்பைக் கேட்கும்போதே ‘செலக்ட் கேசஸ்’ என்ற வசதியில் மாநிலத்தைத் தேர்ந்துவிட்டால், சுமார் 14 லட்சம் மக்களுக்கு 70,000 வரிகள் அளவில்தான் வரும். சி.எஸ்.வி. வடிவத்தில் வாங்கினால் நேராக எக்ஸெலில் திறக்கும்.

ஹவாயை மட்டும் எடுக்கச் சொல்வதற்கு வரிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. ஒகினாவாவிலிருந்து கிளம்பிய முதல் குழு 1900 ஜனவரியில் ஹொனலுலுவில் இறங்கிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனது. 1924-ம் ஆண்டுச் சட்டம் ஜப்பானியக் குடியேற்றத்தை அடைத்துவிட்டது. ஆக, அங்கே இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று, நான்கு தலைமுறைக்கு முன் வந்தவர்களின் வாரிசுகள். குடியேறியவர்கள் என்று எண்ணப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்தவர்கள். நேற்று வந்தவரும் அதில் உண்டு. நாடு முழுக்கப் பார்த்தால், வேலை விசாவில் வந்த ஐதராபாத் பொறியாளரும், தக்காளி பறிக்க வந்த குவாத்தமாலாக்காரரும் ஒரே ‘குடியேறியவர்’ பெட்டியில் இருப்பார்கள். அந்தப் பெட்டியின் இடைநிலை வருமானம் இருவரில் யாரையும் குறிக்காது. ஹவாய்க்குள், பிலிப்பைன்ஸில் பிறந்தவர்களை எதிரே வையுங்கள். அவர்கள்தான் அங்கே குடியேறியவர்களில் மிகப் பெரிய குழு. அதே விலைவாசி, அதே வாடகை, அதே வேலைச் சந்தை. தலைப்பை மாற்றக் கைடு சம்மதிக்காவிட்டால், தலைப்பு அப்படியே இருக்கட்டும். ‘ஆய்வின் எல்லை’ என்ற பகுதியில் இதை எழுதிவிடுங்கள்.

விலைவாசியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஹவாய் அமெரிக்காவிலேயே செலவு மிகுந்த மாநிலங்களில் ஒன்று. ஒகினாவா வம்சாவளியினர் அங்கே குவிந்திருக்க, நாடு முழுக்கப் பரவிய குடியேறியவர்களின் டாலரோடு அவர்களுடைய டாலரை ஒப்பிட்டதுதான் உங்களுக்குத் தந்த அட்டவணை. வறுமை விகிதத்தை வைத்தாலும் இதே சிக்கல் வரும். கணக்கெடுப்புத் துறையின் அதிகாரபூர்வ வறுமைக்கோடு ஹவாய்க்கும் மிசிசிப்பிக்கும் ஒன்றுதான்.

கோப்பு வந்ததும் செய்ய வேண்டியவை இவை. நபர் எண் 1 உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள்; அவர் குடும்பத் தலைவர், ஒரு வீட்டுக்கு ஒரு வரி. விடுதி, சிறை, முதியோர் இல்லம் போன்ற கூட்டுக் குடியிருப்புகளை நீக்குங்கள். குடும்ப வருமானம் 99,99,999 என்று இருந்தால் அது கோடீஸ்வரர் வீடு அல்ல, ‘பொருந்தாது’ என்பதன் குறியீடு. அதை நீக்காமல் சராசரி போட்டு, வீட்டுக்கு லட்சக்கணக்கான டாலர் என்று எழுதிய ஆய்வேடுகள் பைண்டிங் ஆகி நூலகத்தில் இருக்கின்றன. தலைவரின் வயதை 25 முதல் 64 வரை வையுங்கள். ஒகினாவா வம்சாவளியில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. அவர்களுக்கு வருமானம் குறைவாகவும் சொந்த வீடு கடனின்றியும் இருக்கும். வருமானத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் ஏழைகளாகத் தெரிவார்கள்.

அடுத்தது குடும்ப அளவு. பிலிப்பைன்ஸ் குடும்பங்களில் தாத்தா பாட்டி, மாமா, சம்பாதிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையில் இருப்பது சாதாரணம். ஐந்து பேர் சம்பளம் சேர்ந்து குடும்ப வருமானம் பெரிதாகத் தெரியும். ஒரு வீட்டில் ஐந்து பேர், வருமானம் 1,00,000 டாலர். இன்னொன்றில் இரண்டு பேர், 80,000 டாலர். எண்ணைப் பார்த்தால் முதல் வீடு மேல். ஒவ்வொன்றையும் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள்: முதல் வீடு 44,721, இரண்டாவது 56,569. வரிசை தலைகீழாகிறது. எக்ஸெலில் ஒரே ஒரு சூத்திரம், கீழே வரை இழுத்தால் முடிந்தது. இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் ஒப்பீடாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிறகு எடை. ஒவ்வொரு வரிக்கும் ‘குடும்ப எடை’ என்று ஓர் எண் இருக்கும். அந்த வரி நிஜத்தில் எத்தனை வீடுகளுக்காக நிற்கிறது என்பதே அது. எக்ஸெலின் மீடியன் சூத்திரம் எடையைப் பார்க்காது. எனவே, குழுவைத் தனித் தாளில் வைத்து, சரிசெய்த வருமானத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். பக்கத்தில் எடைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்த எடையில் பாதியைத் தாண்டும் முதல் வரியில் உள்ள வருமானம்தான் இடைநிலை. ஐந்தாண்டுக் கோப்பில் ஐபம்ஸ் எல்லாத் தொகைகளையும் கடைசி ஆண்டின் டாலர் மதிப்புக்கு ஏற்கெனவே மாற்றித் தந்துவிடுகிறது. ‘பணவீக்கம் சரிசெய்கிறோம்’ என்று சிலர் மீண்டும் ஒருமுறை பெருக்குகிறார்கள். செய்யாதீர்கள்.

வித்தியாசம் நிஜமா, மாதிரியின் தடுமாற்றமா என்பது அடுத்த கேள்வி. ஒகினாவா குழுவில் உங்களுக்குக் கிடைப்பது சில நூறு வரிகளாக இருக்கும்; வயதையும் தலைவரையும் வைத்து வடிகட்டினால் அதுவும் சுருங்கும். ஒரு பயிற்சிக் கணக்கு: ஒரு குழுவின் இடைநிலை 92,000, பிழை வரம்பு (மாதிரி என்பதால் மேலும் கீழும் விலகக்கூடிய அளவு) 11,000. மற்றொன்று 81,000, பிழை வரம்பு 2,000. கணக்கெடுப்புத் துறை வெளியிடும் பிழை வரம்புகள் 90 விழுக்காடு நம்பகத்துக்கானவை, ஆகவே இரண்டையும் 1.645-ஆல் வகுங்கள்: 6,687, 1,216. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 6,797. வித்தியாசமான 11,000-ஐ அதால் வகுத்தால் 1.62. அது 1.645-ஐத் தொடவில்லை. பதினோராயிரம் டாலர் வித்தியாசம் இருந்தும் ‘அதிகம்’ என்று எழுத முடியாது. உங்களுக்குத் தந்த அட்டவணையில் பிழை வரம்புக்கு ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் சொந்த இடைநிலைக்குப் பிழை வரம்பு வேண்டுமானால், கோப்பைக் கேட்கும்போதே 80 மறு எடைகளையும் (ரெப்ளிகேட் வெயிட்ஸ்) சேர்த்துக் கேளுங்கள். வருமான வரிசை மாறாது என்பதால் ஒருமுறை அடுக்கினால் போதும். பக்கத்தில் 80 பத்திகளில் எடைகளைக் கூட்டி 80 இடைநிலைகள் எடுங்கள். ஒவ்வொன்றும் முதல் இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, 80-ஆல் வகுத்து, 4-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை. அதை 1.645-ஆல் பெருக்கினால் பிழை வரம்பு. ஓர் அரை நாள் வேலை. புராஜெக்ட் சென்டர் இதைச் செய்யாது. எடையே இல்லாமல் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் டி-சோதனை ஓட்டி, நட்சத்திரம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டித் தருவார்கள். நம் பல்கலைக்கழகங்களும் ஐந்து கருதுகோள், ஐந்து கை-வர்க்கச் (chi-square) சோதனை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுகின்றன. தரவைப் படிக்க ஒரு வாரம்கூடச் சொல்லிக்கொடுக்காமல் மூன்று மாதத்தில் ஆய்வேடு கேட்கும் இந்த ஏற்பாடுதான் அந்தக் கடைகளை வாழவைக்கிறது. இதில் மாணவியான உங்கள் தவறு எதுவும் இல்லை.

‘பொருளாதார நிலை’ என்று தலைப்பு இருப்பதால் வருமானத்தோடு நிற்காதீர்கள். அதே கோப்பில் சொந்த வீடா வாடகையா, மருத்துவக் காப்பீடு உண்டா, வாடகை எவ்வளவு என்பவையும் உள்ளன. இந்த மூன்றையும் சேருங்கள். சேமிப்பு, நிலம், பங்குகள் இந்தக் கணக்கெடுப்பில் கேட்கப்படுவதில்லை. எனவே ‘செல்வம்’ என்ற சொல்லை ஆய்வேட்டில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். ஜப்பானின் ஒகினாவா மாகாணத்துத் தனிநபர் வருமானத்தையும் உள்ளே இழுக்க வேண்டாம். அது வேறு மக்கள், வேறு நாணயம்.

கோப்பு தயாரானதும் வரும் மின்னஞ்சல், குறியீட்டு ஏடு, நீங்கள் தேர்ந்தெடுத்த மாறிகளின் பட்டியல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மூலக் கோப்பில் எதையும் அழிக்காமல், நகலில் மட்டும் வடிகட்டுங்கள். ஒவ்வொரு வடிகட்டலுக்குப் பின்னும் எத்தனை வரிகள் மிஞ்சின என்று ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளைப் பின்னிணைப்பாகச் சேருங்கள்.