மூலிகைச் சாறு வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் அதிலிருந்து மருந்து எடுக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

சாறு வேலை செய்வது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை, அதனால்தான். இயற்கைச் சேர்மங்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏதோ ஒரு இலையைக் காயவைத்து, பொடித்து, மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்ததைத் தாராளமாக ஊற்றினால் பாக்டீரியா சாகும், புற்றுச் செல்லும் சாகும். உப்பை அள்ளிக் கொட்டினாலும்தான் சாகும். எவ்வளவு குறைந்த அளவில் கொன்றது, நல்ல செல்லை விட்டுவைத்ததா என்பதுதான் கேள்வி. "புற்றுநோயை அழிக்கும் மூலிகை" என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்காது.

ஒரு சாற்றில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கும். சாற்றைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றையும் சோதிப்பார்கள், வேலை செய்கிற பகுதியை மட்டும் எடுத்து மறுபடி பிரிப்பார்கள். ஒரே ஒரு சேர்மம் கையில் மிஞ்சும் வரை இதேதான். என்ன பிரிந்தது என்று பார்க்க சிலிகாத் தூள் பூசிய விரல் நீளத் தகடு ஒன்று போதும். அடியில் மெல்லிய குழாயால் ஒரு புள்ளி வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் ஏற ஏற அந்தப் புள்ளி மஞ்சள், பச்சை, சாம்பல் என்று படிப்படியாகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாத சில புற ஊதா விளக்கில் தெரியும். அதிலும் தெரியாத டெர்பீன்கள் என்ற வகைச் சேர்மங்கள், அனிசால்டிஹைடு என்ற நிறம் காட்டும் வேதிப்பொருளைத் தெளித்துச் சூடு காட்டியதும் ஊதாவாக எழும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அப்புறம்தான் தலைவலி. பிரிக்கப் பிரிக்க வீரியம் காணாமல் போகும். சேர்மம் சிலிகாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு சேர்மங்கள் சேர்ந்துதான் வேலை செய்திருக்கலாம். சூட்டில் சிதைந்தும் போயிருக்கலாம். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் கதையில் நடந்தது கடைசி வகை. கொதிக்கவைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. சீன விஞ்ஞானி தூ யூயூ நான்காம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்பு ஒன்றைத் திரும்பப் படித்தபோது, செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவே இல்லை. உடனே சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971-ல் வீரியமுள்ள சாறு கிடைத்தது. 2015 நோபல் பரிசில் ஒரு பங்கு இதற்காகத்தான்.

பொய்யாக வேலை செய்பவையும் உண்டு. செடிகளில் துவர்ப்பைத் தரும் டானின்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், சோதனையில் எல்லா நோய்க்கும் மருந்து போலத் தெரியும். மஞ்சளில் உள்ள குர்குமின் தானே ஒளிர்வது, ஒளியை அளக்கும் சோதனைகளைக் குழப்பிவிடும்; போதாக்குறைக்குச் சோதனைத் திரவத்திலேயே சில நிமிடங்களில் சிதையத் தொடங்கும். இதைவிட வேடிக்கை, பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் குழாய், பாட்டில் வழியாகச் சாற்றில் கலந்து, "செடியிலிருந்து பிரித்த சேர்மம்" என்று ஆய்விதழ்களில் அச்சானது.

எல்லாம் தாண்டி மாதக்கணக்கில் உழைத்துச் சுத்தமாக எடுத்தால், அது பீட்டா-சைட்டோஸ்டெராலாக இருக்கும். ஏறக்குறைய எல்லாச் செடியிலும் இருக்கும் சரக்கு! அதனால் இப்போது ஆரம்பத்திலேயே மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டி, தெரிந்த சேர்மங்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுக் கழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் அதிகம் உழைப்பை மிச்சப்படுத்தியது இந்த ஒரு பழக்கம்தான்.

பூஞ்சைகளில் ஒரு வசதி, குடுவையிலேயே வளர்க்கலாம். ஆனால் காட்டில் செய்ததை ஆய்வகத்திலும் செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. சேர்மம் தயாரிக்கும் மரபணுக்கள் பல, சொகுசாக வளரும்போது சும்மா இருக்கும். வளரும் சத்துக் கரைசலை மாற்றியோ, பக்கத்தில் ஒரு பாக்டீரியாவை வளர்த்துச் சண்டை மூட்டியோ அவற்றைக் கிளப்ப வேண்டும். திரும்பத் திரும்பப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்ததில், சேர்மம் தயாரிப்பதையே நிறுத்திவிட்ட பூஞ்சைகளும் உண்டு.

எதை வைத்துச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே கிடைப்பதும் கிடைக்காமல் போவதும். ஜப்பானில் அகிரா எண்டோ குழுவினர் சுமார் 6,000 பூஞ்சைகளைச் சலித்து, பெனிசிலியம் சிட்ரினத்திலிருந்து கொழுப்பைக் குறைக்கும் காம்பாக்டினைப் பிடித்தார்கள். எலிக்குக் கொடுத்தால் கொழுப்பு குறையவே இல்லை. அதோடு மூடி வைத்திருப்பார்கள்; முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததால் பிழைத்தது. கொழுப்பைக் குறைக்க இன்று தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு முன்னோடி அதுதான். நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்காக ஆராயப் போனார்கள், வெள்ளை அணுக்கள் குறைந்தன. கடைசியில் கிடைத்தவை வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள்.

சேர்மம் கிடைத்துவிட்டது, சரி, போதிய அளவுக்கு எங்கே போவது? பசிபிக் யூ மரப்பட்டையை 1962-ல் சேகரித்தார்கள், அதிலிருந்து வந்த புற்றுநோய் மருந்தான டாக்சாலின் அமைப்பு 1971-ல் வெளியானது, அமெரிக்காவில் மருந்தாக அனுமதி 1992-ல். ஒரு கிலோ டாக்சாலுக்குச் சுமார் 10,000 கிலோ பட்டை வேண்டும், உரித்தால் மரம் செத்துவிடும். ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் இருக்கும் நெருங்கிய சேர்மத்தை எடுத்து டாக்சாலாக மாற்றும் வழி வந்த பிறகுதான் நெருக்கடி தணிந்தது. இலை மறுபடி துளிர்க்கும் அல்லவா. பின்னர் மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்த்து எடுக்கும் முறையும் வந்தது.

இவ்வளவு பாடு எதற்கு, சாற்றையே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், தடை ஒன்றும் இல்லை. பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த களிம்பை மருக்களுக்காக 2006-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் சேர்மங்களின் அளவு ஒன்றுபோல இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். பருவம், மண், பறித்த நேரம் எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறுகிற செடியை வைத்துக்கொண்டு அதைச் சாதிப்பது, ஒற்றைச் சேர்மத்தைப் பிரிப்பதைவிடச் சுலபம் என்று எனக்குத் தோன்றவில்லை.