முகத்துவாரம் எப்போது வெட்டுவது? மாரிக்கு முன்பே உடன்பட ஒரு வழி

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாவியோரக் காணிகள் உள்ள கமக்காரர் அமைப்பு ஒன்றின் செயலாளர் நான். மார்கழியில் வாவி பெருகிப் பள்ளக்காணிகள் மூழ்கும்போது, வாவி கடலோடு சேரும் மண்மூடிய முகத்துவாரத்தை வெட்டச் சொல்கிறோம். மீனவர் சங்கங்கள் மறுக்கின்றன. கடந்த மாரியில் கூட்டம் கூச்சலோடு கலைந்தது. இரு பக்கமும் ஒத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மழை கொட்டும் நாளில் அதைத் தேடாதீர்கள். கதிர் மூழ்கிக்கொண்டிருப்பவரும் வலையில் இறால் பட்டுக்கொண்டிருப்பவரும் அன்று விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆவணியில், கச்சான் காற்று வீசி முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கும்போது, விதைப்புக்கு முன் கூடுங்கள். "வெட்டுவதா, விடுவதா" என்று கேட்டால் சண்டைதான் வரும். "நீர் எந்த மட்டத்துக்கு ஏறினால் வெட்டுவது" என்று கேளுங்கள்.

மீனவர் மறுப்பதன் காரணம் உங்கள் உறுப்பினர்களுக்கு விளங்க வேண்டும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து வளர்கின்றன. ஆகவே அவர்களுக்கும் முகத்துவாரம் திறக்கத்தான் வேண்டும். நீர் போதிய அளவு ஏறுமுன் வெட்டினால் ஓட்டம் வலுக்காது. வளர்ந்த மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், வாய் சீக்கிரமே மூடிக்கொள்ளும், குஞ்சு உள்ளே வராது. உங்களுக்கும் அதில் நட்டமுண்டு: மழை ஓய்ந்து வாவி தாழ்ந்தபின், வாய் மூடுமுன் கடல்நீர் ஏறி ஓரக்காணிகளில் உவர் பிடிக்கும். அவசரமாக வெட்டுவது இருவருக்கும் கேடு என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

அடுத்தது அளவு. பாலத்தூண் ஒன்றில் சென்ரிமீற்றர் கோடுகளோடு அளவுகோல் ஒன்றை நிரந்தரமாகத் தீட்டச் செய்யுங்கள். பிறகு காற்றில்லாத ஒரு விடியற்காலையில், குறித்த ஒரே நேரத்தில், ஒவ்வொரு ஊரிலும் விவசாயியும் மீனவரும் சேர்ந்து கரையில் முளை அடித்து நீர்மட்டத்தைக் குறிக்கட்டும். அந்த நேரம் அளவுகோல் காட்டியதையும் எழுதுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் வரம்பின் தலை, வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம் என்பதை, நீர் நிரப்பிய தெளிவான குழாயால் அளக்கலாம். தன் கையால் அளந்ததை யாரும் மறுக்க மாட்டார்கள். ஒன்று கவனம்: வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். வெள்ளம் ஓடும்போதும் வாடைக்காற்று தள்ளும்போதும் இரு முனையிலும் மட்டம் ஒன்றாக இராது. தெற்கே கிட்டங்கிப் பக்கம் இன்னொரு அளவுகோல் வேண்டும்.

எல்லாவற்றிலும் பள்ளமான காணியை வைத்து மட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள். பெரும்பாலான கூட்டங்கள் குலைவது இங்கேதான். நாலைந்து காணிக்காக வாவி முழுவதையும் வடிப்பதை மீனவர் ஏற்கமாட்டார்கள், அது நியாயமும் அல்ல. அவற்றுக்கு வரம்பை உயர்த்துங்கள், அல்லது மாரி கழிந்து விதைக்கும் சிறுபோகத்துக்கு ஒதுக்குங்கள். மற்றைய காணிகள் மூழ்கும் மட்டத்தையும் வீடுகளுக்குள் நீர் புகும் மட்டத்தையும் எடுத்து, எது தாழ்வோ அதைச் சேத மட்டமாகக் கொள்ளுங்கள்.

வெட்டிய அன்றே நீர் வடியாது; தூரத்துக் காணிகளில் நாட்கள் செல்லும். அந்த நாட்களில் நீர் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு கீழே சிவப்புக் கோடு போடுங்கள். அதற்கும் கீழே ஒரு மஞ்சள் கோடு. மஞ்சளைத் தொட்டால் காலை, மாலை அளவைப் படத்துடன் வட்ஸ்அப் குழுவில் போடுவது. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகள் திறக்கும் செய்தியை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்பது. மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை ஆயத்தமாக வைப்பது. சிவப்பைத் தொட்டால் வெட்டுவது, மறுபேச்சு இல்லை.

வெட்டும் முறையையும் இப்போதே பேசுங்கள். குறுகலாக, கடற்பக்கத்திலிருந்து வெட்டிவந்து, வாவிப்பக்கம் ஒரு மண்தடுப்பை விட்டு, கடல் வற்று (நீர் இறங்குவது) தொடங்கும்போது அதை உடைக்க வேண்டும். ஓடும் நீரே வாயை அகட்டும். முதலிலேயே அகலமாக வெட்டினால் வேகம் குறையும், கடல் கொந்தளிக்கும் நாளில் வெட்டினால் அலை மண்ணைத் திருப்பிப் போடும்.

கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியே உட்காருங்கள். சங்கத் தலைவர்கள் மட்டும் போதாது. தோணி இல்லாமல் வீச்சுவலையோடு வாழ்பவர்கள், கரையோரம் இறால் பிடிக்கும் பெண்கள், தாழ்ந்த வீட்டுக்காரர்கள் வர வேண்டும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டும் இருக்க வேண்டும். வெள்ளி நண்பகலும் மீன் விற்கும் காலை நேரமும் வேண்டாம். இடம் கோயிலோ பள்ளிவாசலோ அல்ல, பாடசாலை மண்டபம்.

இணங்கியதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: இரு கோடுகள், அளவு பார்க்கும் ஒரு விவசாயி, ஒரு மீனவர், இரவில் தொலைபேசி எடுப்பவர் யார் என்பவை. கையெழுத்திட்டுப் பிரதேச செயலாளர் மூலம் அரசாங்க அதிபரிடம் புரட்டாதிக்குள் சேருங்கள். தாங்களாக இறங்கி வெட்டக் கூடாது. கரையோர வலயத்தில் அனுமதியின்றி மண் தோண்டுவதை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரவோடிரவாக ஒருவர் வெட்டினால் உடன்பாடும் போய்விடும். அம்பாறை மாவட்டத்தை ஒட்டிய தென்பகுதி நீர் பெரியகல்லாற்று முகத்துவாரத்தாலும் வடிவதால் அந்த மாவட்டச் செயலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள்.

முதல் ஆண்டுக் கோடு சரியாக அமைவது அரிது. பங்குனியில் அதே ஆட்கள் கூடி, அளவுப் பதிவையும் பதராய்ப்போன காணிகளையும் பிடிபட்ட இறாலின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கோட்டை நகர்த்துங்கள். அப்படி நகர்த்தலாம் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அது இருந்தால் முதல் ஆண்டில் கையெழுத்திட மீனவர்கள் தயங்க மாட்டார்கள்.